ஆல்டர்டனுக்குக் கிழக்கே கடல்

சாந்தோம், சென்னை
ஏப்ரல் 9, வியாழன்

அன்பு மகள் இஃப்ராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அம்மா எழுதுகிறேன். நானும் உன் அத்தாவும் இங்கே சுகம், அந்தத் தூரத்து ஊரில் உன்னையும் அல்லாஹ் உடம்பும் மனசும் வாடாமல் வைத்திருக்க வேண்டும். தினமும்தான் போனில் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் பேசுவதெல்லாம் சாப்பிட்டாயா, காதை மூடிக்கொண்டாயா என்பதுதான். அதற்கு மேல் போக முடிவதில்லை. திரையில் உன் முகம் தெரிகிறபோது சில விஷயங்களுக்கு எனக்கு வாய் வராது. போன வாரம் நீ ஒன்று கேட்டாய். நூலகத்தில் இன்னும் இரண்டு வருஷத்துக்கு கான்ட்ராக்ட் தருகிறார்கள், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும், நான் கையெழுத்துப் போடட்டுமா, இல்லை ஜூனில் வீட்டுக்கே வந்துவிடட்டுமா, நீ சொல்கிறபடி செய்கிறேன் என்றாய். நான் அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. அதற்கான பதில் இது. கூரியரில் போடுகிறேன், பத்து நாளில் வந்துவிடும் என்கிறார்கள்.

முதலில் வீட்டுச் சேதி. உன் அத்தாவுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது, திருவான்மியூர் டாக்டர் மாத்திரையை இரண்டிலிருந்து ஒன்றாக்கிவிட்டார், அந்தச் சந்தோஷத்தில் இவர் அன்றைக்கே இரண்டு ஜாங்கிரி சாப்பிட்டார். டிசம்பர் சீசன் முடிந்தால் கடையில் வேலை குறையும் என்று பார்த்தோம், குறையவில்லை, இந்த வருஷம் அரங்கேற்றம் நிறைய, நாட்டிய உடுப்பு தைக்க இரண்டு ஆள் போதவில்லை. முன்னால் வருகிற விசிறி மடிப்பை மட்டும் இன்னமும் அவரேதான் எடுக்கிறார், வேறு கை பட்டால் அவருக்கு ஆகாது. லஸ் பக்கம் மெட்ரோவுக்காகத் தோண்டியது தோண்டியபடி, கடைக்குப் போக தினமும் ஒரு புது வழி கண்டுபிடிக்கிறார். நோன்பு நல்லபடியாகப் போனது. பெருநாளைக்கு அமீன் மாமா குடும்பத்தோடு மேற்கு மாம்பலத்திலிருந்து வந்தார், பிரியாணியில் உப்பு கம்மி என்று சொல்லிவிட்டார், அதற்கு உன் அத்தா, "எதிர்லதான் கடல் இருக்கு, போய் மொண்டுக்க மாப்ளே" என்றார். எல்லாரும் சிரித்தோம். உன் தட்டை வழக்கம்போல எடுத்து வைத்துவிட்டு நான் திரும்ப அலமாரியில் வைத்தேன்.

உன் புத்தகம் போன புதன்கிழமை வந்தது. உறையைப் பிரிப்பதற்கு முன்பே உன் அத்தா கையைக் கழுவிக்கொண்டு வந்தார். இருபத்தெட்டுப் பக்கம். "ஆல்டர்டன்: நம் ஊர்." கீழே உன் பெயர். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். உனக்கு நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நன்றிக்கு முன்னால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லாமல் சொல்கிற நன்றி பொய்யாகிவிடும்.

ஜனவரியில் நீ முதல் வரைவை அனுப்பியிருந்தாய். உங்கள் நூலகத்துக்காக, அந்த ஊருக்குப் புதிதாக வந்து சேர்கிற தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஊரை அறிமுகம் செய்கிற சின்னப் புத்தகம், எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வரை. என்னுடைய பட்டினப்பாக்கம் மாலை வகுப்பில் படித்துக் காட்டு, பிள்ளைகள் என்ன சொன்னாலும் அப்படியே எழுதி அனுப்பு என்று கேட்டிருந்தாய். புத்தகம் சரியாக வராவிட்டால் வேலையை நீட்டிக்க மாட்டார்கள், அப்புறம் நான் கிளம்ப வேண்டியதுதான் என்றும் சொன்னாய். அதைச் சொன்னபோது உன் குரலில் இருந்தது பயமா ஆசையா என்று இரண்டு நாள் யோசித்தேன். தெரியவில்லை. எனக்குள் இருந்தது ஆசை. அது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

வகுப்பு நடக்கிற அறையை நீ பார்த்திருக்கிறாய், குடியிருப்பின் கீழ்த்தளம், உப்புக்காற்றில் ஜன்னல் கம்பி துருப்பிடித்துக் கையோடு வரும். இப்போது பதினோரு பிள்ளைகள். அதில் கடலரசி ஏழாவது படிக்கிறாள், கேள்வி கேட்காமல் இருக்க முடியாத பெண். அவள் அம்மா முனியம்மாள் லூப் ரோட்டு மார்க்கெட்டில் மீன் விற்கிறவள், மீன் சீக்கிரம் தீர்ந்த நாளில் வந்து வாசல்படியில் உட்கார்ந்து பாடம் கேட்பாள், பிள்ளைகளை விடக் கவனமாக. அன்றைக்கும் இருந்தாள். நான் படித்தேன். ஆல்டர்டன் ஒரு சிறிய புறநகர் நகரம். பெருநகரத்திலிருந்து ரயிலில் ஐம்பது நிமிடத் தொலைவு. மக்கள்தொகை அறுபத்தோராயிரம். பூங்காக்கள் பதினான்கு, பனிச்சறுக்கு அரங்கங்கள் இரண்டு, நூலகம் ஒன்று, பேருந்துத் தடங்கள் ஒன்பது. தப்பு ஒன்றும் இல்லை. நல்ல தமிழ். ஐஸ் மேல் விளையாடுவார்கள் என்ற இடத்தில் மட்டும் ஒரு சின்னச் சலசலப்பு, சித்தார்த்தன் என்ற பையன் எழுந்து, மீன் மேல் போடாமல் ஏன் ஐஸை வீணடிக்கிறார்கள் என்று கேட்டான். எட்டாம் பக்கத்தில் இரண்டு பேர் தூங்கினார்கள். முடித்ததும் முனியம்மாள்தான் முதலில் பேசினாள். "இன்னா டீச்சர், பார்க்கு பதினாலு கீதுன்ற, பஸ்ஸு ஒம்போது கீதுன்ற. ஆளுங்க எங்க? அல்லாரும் செத்துப்பூட்டாங்களா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டினப்பாக்கத்தில் யாரிடமும் வழி கேட்டுப் பார், தெருப்பெயர் சொல்ல மாட்டார்கள், செல்வி அக்கா இட்லிக்கடை தாண்டி, வலை பின்னுகிற தாத்தாவுக்கு எதிர்வீடு என்பார்கள். ஆள்தான் அடையாளம். ஒரு ஊரைப் பற்றி இருபத்தெட்டுப் பக்கம் எழுதியவளுக்கு, வழி சொல்ல ஒரு பெயர்கூட இல்லை. பஸ்ஸில் போகிறாய், ஓட்டுகிறவர் இல்லை. கடைத்தெரு இருக்கிறது, கடைக்காரர் இல்லை. மூன்று வருஷம், இஃப்ரா. நீ போனில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்ன மூன்று வருஷமும் அந்தப் பக்கங்களில் இருந்தது. கடலரசி கேட்டாள், அங்கே ராத்திரி தண்ணீர் ஏறினால் அக்காவை யார் எழுப்புவார்கள் என்று. அங்கே தண்ணீர் ஏறாது என்றேன். சரி, வேறு ஏதாவது ஏறினால் என்றாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து உனக்கு நான் அனுப்பிய செய்தி உனக்கு நினைவிருக்கும். "பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது. ஒன்றும் மாற்றாதே. அப்படியே கொடு." தி.நகர்ப் பதிப்பகத்தில் பன்னிரண்டு வருஷம் குழந்தைப் புத்தகங்களைத் திருத்தியவள் நான். எந்தப் புத்தகம் தேறும், எது தேறாது என்று எனக்குத் தெரியும். இது தேறாது என்று தெரிந்துதான் அப்படி எழுதினேன். தேறாவிட்டால் நீ வந்துவிடுவாய். தனியாகக் கிடக்கிற பெண்ணை வீட்டுக்கு அழைத்துக்கொள்வதில் என்ன தப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வா என்று உன்னிடம் நேராகச் சொல்லாமல், நீ தோற்று வரட்டும் என்று காத்திருந்தேன். உன் அத்தாவிடம்கூடச் சொல்லவில்லை.

பிள்ளைகள் விடவில்லை. எதைப் படித்தாலும் அதற்கு ஒரு படம் வரைந்து சுவரில் ஒட்டுவது எங்கள் வகுப்பு வழக்கம். ஒரு பெரிய சார்ட் தாளில் உன் ஊரை வரைய ஆரம்பித்தார்கள். நானும் கூட உட்கார்ந்தேன். ரயில் நிலையம், நூலகம், பூங்காக்கள் பதினான்கும், ஒன்றுகூட விடவில்லை. நான்கு நாள் ஆனது. அழகாக வந்திருந்தது, போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினேன். நீ உடனே கூப்பிட்டாய், பேச முடியாமல் சிரித்தாய், அப்படி நீ சிரித்துக் கேட்டு எத்தனை மாதம் ஆகியிருக்கும். என்னவென்று எனக்குப் புரியவில்லை. அம்மா, இங்கே ஏது கடல் என்றாய். அப்போதுதான் பார்த்தேன். தாளின் வலப்பக்கம் மேலிருந்து கீழ்வரை நீலம் தீட்டி, அலை போட்டு, இரண்டு படகு. யாரும் யோசிக்கவே இல்லை. இங்கே எந்தப் பிள்ளையும் ஊர் வரையச் சொன்னால் முதலில் வலப்பக்கம் ஒரு நீலக்கோடு இழுக்கும், பிறகுதான் மற்றதெல்லாம். கிழக்கு மேற்கு என்று யார் சொல்கிறார்கள், கடல் பக்கம், ரோட்டுப் பக்கம், அவ்வளவுதான். அந்த நீலத்தின் மேல் "கடல்" என்று குண்டுக் குண்டாக எழுதியது யார் தெரியுமா, நான்தான். எம்.ஏ. படித்தவள். உன் அத்தா அதைப் பார்த்துவிட்டு, நல்ல ஊர்தான், மீன் கிடைக்கும், பிள்ளை கஷ்டப்பட மாட்டாள் என்று திருப்தியாகச் சொன்னார்.

ஆனால் நீ படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறாய். ஓரத்தில் பிள்ளைகள் பென்சிலில் எழுதியிருந்ததைப் படித்திருக்கிறாய். பஸ் ஓட்டுறவங்க பேர் என்ன. நீங்க வழுக்கி விழுந்தா யார் தூக்குவாங்க. கடல் பக்கம் யார் இருக்காங்க. அந்த எழுத்தை நான் அனுப்புவதற்கு முன் பார்த்தேனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். பார்த்தேன். பென்சில்தானே, போட்டோவில் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். தெரியட்டும் என்றும் நினைத்திருப்பேனோ. நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. நீ சிரித்து முடித்து, "அம்மா, பசங்க இதையெல்லாம் எப்போ கேட்டாங்க" என்றாய். இந்த வாரம்தான் என்றேன். அது இரண்டாவது பொய், அதற்குள் ஒன்பது நாள் ஆகியிருந்தது. நீ சரிம்மா என்றாய். அதற்கப்புறம் இன்று வரை, ஏன் பிடித்தது என்று சொன்னாய், ஏன் ஒன்றும் மாற்றாதே என்றாய் என்று ஒரு வார்த்தை நீ கேட்கவில்லை. உனக்குப் புரிந்திருக்கும். கேட்காமல் விட்டதற்கு முதல் நன்றி.

அடுத்து நீ செய்ததை இந்தப் புத்தகத்தில் படித்துத்தான் முழுசாகத் தெரிந்துகொண்டேன். கொடுப்பதற்கு மூன்று வாரம் தவணை வாங்கிக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழாம் நம்பர் பஸ்ஸில் ஏறி, பிள்ளைகள் கடல் வரைந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கக் கிழக்கே கடைசி நிறுத்தம் வரை போனாயாமே. அங்கே சோளக்கொல்லை. அறுத்து முடித்த கொல்லையில் பனி மூடி, கண்ணுக்கெட்டியவரை வெள்ளை, காற்று மட்டும். நீ இறங்கி நின்றாய். அடுத்த பஸ் ஒரு மணி நேரம் கழித்துத்தான். பஸ்ஸை ஓட்டி வந்த அம்மாள் கிளம்பாமல் நின்றிருக்கிறார். நான்கு நிமிஷம். நேரம் தவறினால் பதில் சொல்ல வேண்டிய வேலை, ஆனாலும் ஜன்னலைத் திறந்து, இந்தக் குளிரில் இங்கே யாரும் இறங்குவதில்லை மகளே, எதைத் தேடுகிறாய் என்று கேட்டிருக்கிறார். நீ போனில் படத்தைக் காட்டியிருக்கிறாய். டோரீன் என்று பெயர். அவரும் பிறந்தது மீன்பிடிக் கரையிலாம், இந்த ஊருக்கு வந்த புதிதில் அவரும் ஒவ்வொரு தெருமுனையிலும் கடலைத் தேடினாராம். அதே பஸ்ஸில் திரும்பி வருகிற வழியெல்லாம் ஒவ்வொரு நிறுத்தத்திலும் யார் ஏறுவார்கள், எங்கே இறங்குவார்கள் என்று உனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாராம். எனக்கு அந்த நான்கு நிமிஷத்தை மறக்க முடியவில்லை. அல்லாஹ் அந்தப் பெண்பிள்ளையின் ஸ்டியரிங்கைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன்.

புத்தகத்தைப் போன வெள்ளிக்கிழமை வகுப்பில் படித்தேன். இரண்டு தடவை. "ஆல்டர்டனில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஓட்டுநருக்கு நன்றி சொல்வார்கள். சொல்லாவிட்டால் யாரும் திட்ட மாட்டார்கள். ஆனாலும் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்." இதைப் படித்ததும் சித்தார்த்தன், மறுநாள் 12பி-யில் கண்டக்டரிடம் சொல்லிப் பார்க்கிறேன் என்றான். சொல்லியும் விட்டான். கண்டக்டர் இவனை மேலும் கீழும் பார்த்து, "இன்னா நைனா, டிக்கெட் எட்த்தியா இல்லியா" என்றாராம். அப்புறம் இந்தப் பக்கம்: "பனி விழுந்த மறுநாள் காலையில், நீங்கள் எழுந்திருப்பதற்கு முன்பே உங்கள் வாசலில் யாரோ பனியை அள்ளியிருப்பார்கள். அது பக்கத்து வீட்டுப் பெர்னார்ட். நீங்களா என்று கேட்டால் இல்லை என்பார்." அப்புறம் யாழ்ப்பாணத்துச் சிவகாமி அக்கா கடை. "உள்ளே நுழைந்ததும், பிள்ளை, எந்த ஊர் என்று கேட்பார். சென்னை என்றால் ஒரு மிட்டாய். யாழ்ப்பாணம் என்றால் ஒரு மிட்டாய். இந்த ஊர்தான் என்று சொன்னால் இரண்டு." மூன்று வருஷமாக அந்தக் கடையைத் தாண்டித்தான் நடந்திருக்கிறாய், நம் பேச்சைக் கேட்டு ஏதாவது நினைப்பார்களோ என்று கூச்சப்பட்டு உள்ளே போகவில்லை என்று சொன்னாயே, இனிமேல் என் சார்பாகவும் போ. கடைசிப் பக்கத்தில் பிள்ளைகள் வரைந்த படத்தைக் கடலோடு அப்படியே அச்சடித்து, "இதில் உள்ள கடல் ஆல்டர்டனில் இல்லை, இதை வரைந்தவர்களிடம் இருக்கிறது" என்று எழுதி, பதினோரு பெயரும் போட்டிருக்கிறாய். அவர்கள் அந்தப் பக்கத்தைத் தொட்டுத் தொட்டு இப்போதே அழுக்காக்கிவிட்டார்கள். நூலகத்தில் யாராவது பெரிய ஆள் பாராட்டினார்களா என்று எனக்குத் தெரியாது, இங்கே யாரும் தூங்கவில்லை.

முனியம்மாள் கூடையைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்து கேட்டாள். டோரீன் மீன்பிடிக் கரைக்காரி என்ற இடத்தில், "அப்போ நம்ம ஆளுதான்" என்று சொல்லி, அவருக்கு அனுப்ப நெத்திலிக் கருவாடு ஒரு பொட்டலம் மறுநாளே கொண்டு வந்துவிட்டாள். கருவாடு எடுக்க மாட்டோம் என்று கூரியர்காரர் சொல்லிவிட்டார், இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் டப்பாவில் மூடி வைத்திருக்கிறேன், வீடே மணக்கிறது. படித்து முடித்ததும் அவள் எழுந்து கூடையை நிமிர்த்தினாள். அப்புறம் சொன்னாள். "இப்பத்தான் ஊரு மாதிரி கீது. ஆனா டீச்சர், உன் பொண்ணு இனிமே வரமாட்டா."

நான் தலையை ஆட்டினேன். அவள் சொன்னதில் வருத்தமும் இல்லை, கேலியும் இல்லை. இன்றைக்குக் காற்று மாறுகிறது என்று சொல்வது மாதிரி சொன்னாள்.

ஆறு நாளாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உனக்கு யாரும் இல்லை என்று தெரிந்த நாளில் நான் உள்ளூர ஆறுதல் பட்டேன். இப்போது உனக்கு ஆள் இருக்கிறது. வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் முந்தாநாள் மதியம் சமையலறையில் நின்று உன் புத்தகத்தை மறுபடி படித்துக்கொண்டிருந்தபோது, பெர்னார்ட் வாசலில் பனி அள்ளுகிற பக்கம், என்னை அறியாமல் அல்ஹம்துலில்லாஹ் என்று இறைவனுக்கு நன்றி சொல்லிவிட்டேன். வாய்விட்டு. ராத்திரி சாப்பிடும்போது உன் அத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஜனவரியில் நான் அனுப்பிய பொய்ச் செய்தி உட்பட. அவர் திட்டவில்லை. சாதத்தைப் பிசைந்துகொண்டே, நானும் துஆவில் அதையேதான் கேட்டேன் சகினா, உனக்காவது எழுதத் தெரிந்தது என்றார். ஜனவரியிலேயே உன் அறையில் இருந்த தையல் மெஷினை இழுத்து ஹாலில் போட்டவர் அவர். ஹாலில்தான் காற்று வருகிறது என்று அப்போது என்னிடம் சொன்னார், நீ வருவாய் என்றுதான் அறையைக் காலி செய்திருக்கிறார். நேற்றுக் காலை கடைக்குப் போவதற்கு முன்னால், யாரும் கேட்காமல், அதைத் தள்ளிக்கொண்டு போய் உன் அறையில் ஜன்னலோரம் திரும்பப் போட்டார். வெளிச்சத்தில் மடிப்பு நன்றாகத் தெரிகிறதாம். சுவர்ப் பக்கம் ஒரு கட்டிலுக்கு இடம் விட்டிருக்கிறார். லீவில் வந்து போகிற பெண்ணுக்கு அது போதும்.

உனக்கும், உன்னைப் பார்த்துக்கொள்கிற அந்த ஊர்க்காரர்கள் ஒவ்வொருவருக்கும் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். காலையில் வெறும் வயிற்றில் காபி குடிக்காதே, பனி உருகுகிற நாளில்தான் அதிகம் வழுக்குமாம், உன் புத்தகத்தில்தான் படித்தேன், நீயும் படி. முக்கியமாக, மாதக் கடைசி வரை காத்திருக்காமல் இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே போய்க் கையெழுத்துப் போட்டுவிடு. போடுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டுக் கேட்காதே. போட்ட பிறகு கூப்பிடு.

உன் நலம் நாடும்,
அம்மா சகினா
(அத்தா ஷரஃபுதீனின் சலாமும்)